தொடுத்தலும் வகுத்தலும்



ஐக்கிய அமெரிக்க நாடுகளின் போஸ்டன் நகரிலே பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ நிலையம் என்னும் பெரிய வைத்தியசாலை ஒன்று உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரியோடு இணைந்த போதனா வைத்தியசாலை அது. 2002 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13 ஆம் திகதி, அங்கிருந்த கணினிகள் ஒன்றோடொன்று பேசும் ஆற்றலை இழந்தன. மின்சாரம் தடைப்படவில்லை. வடங்கள் அறுபடவில்லை. கணினி ஒவ்வொன்றும் தனித்து நோக்குமிடத்து நலமாகவே இருந்தது. எனினும், ஆய்வுகூடத்திலே முடிவாகிய இரத்தப் பரிசோதனை விவரம் நோயாளி கிடக்கும் விடுதியைச் சென்றடையவில்லை. வைத்தியர் விதித்த மருந்து இன்னதென்பது மருந்துச்சாலைக்குத் தெரியவில்லை. சற்று நேரம் இயங்குவதும் மீண்டும் முடங்குவதுமாக அலைக்கழிந்த பின்னர், வைத்தியசாலை முழுவதும் கடதாசிக்கும் பேனாவுக்கும் திரும்பிற்று. ஏறக்குறைய நான்கு நாட்கள் அந்நிலை நீடித்தது. கணினித் திரையிலே மருந்து விதித்துப் பழகிய இளம் வைத்தியர்களுக்கு, அதனைக் கைப்பட எழுதும் முறையை மூத்தோர் கற்பிக்க வேண்டியதாயிற்று.

பகைவர் எவரும் உட்புகுந்து இதனைச் செய்திலர். கணினிக் கிருமி எதுவும் பரவவில்லை. ஆராய்ச்சியாளர் ஒருவர் பரீட்சார்த்தமாகத் தொடக்கிவைத்த செயனிரல் ஒன்று, பெருந்தொகையான தரவுகளைப் படியெடுத்து அங்குமிங்கும் அனுப்பத் தலைப்பட்டது, அவ்வளவே. செவ்வனே வகுக்கப்பட்ட வலையமைப்பாக இருந்திருப்பின், அதன் ஒரு மூலை மாத்திரம் சற்று மந்தமடைந்திருக்கும். போஸ்டனிலோ கட்டடம் முழுவதும் சாய்ந்தது போலாயிற்று. குற்றம் அந்தச் செயனிரலின்மீது அன்று, அத்திவாரத்தின்மீதே இருந்தது.

அந்த அத்திவாரத்தில் இருந்த குறை யாது என்பதை அறிய வேண்டுமாயின், கணினி வலையமைப்பின் அரிச்சுவடியைச் சற்றே புரட்டிப் பார்த்தல் வேண்டும். கணினிகளைத் தொடுப்பது எளிது. அவற்றை வகுப்பதே அரிது. வலையமைப்புக் கலையில் முதன்முதலாகக் கற்கவேண்டியது இதுவே. எனினும் பலர் இதனை ஈற்றிலேதான் கற்கின்றனர்.

1973 ஆம் ஆண்டில், கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் நிறுவனத்து ஆராய்ச்சி நிலையத்திலே ரொபேட் மெற்காவ் என்பாரும் அவர்தம் துணைவர்களும் ஒரு முறையை வகுத்தனர். தடித்த வடம் ஒன்று கட்டடத்தினூடே செல்லும். கணினிகள் யாவும் அதிலே தொங்கும். ஒன்று பேசினால் எல்லாவற்றுக்கும் கேட்கும்; தனக்குரிய செய்தியை மாத்திரம் ஒவ்வொன்றும் ஏற்றுக்கொள்ளும். இரண்டு ஒரே வேளையில் வாய் திறந்துவிட்டால் இரண்டும் நிறுத்தி, தத்தமக்கு வாய்த்த சிறு நேரம் பொறுத்து, மீண்டும் முயலும். ஒளி செல்வதற்கு எங்கும் நிறைந்த ஊடகமொன்று உண்டெனப் பழைய பௌதிக அறிஞர்கள் கருதி, அதற்கு 'ஈதர்' எனப் பெயரிட்டிருந்தனர். அப்பெயரைக் கொண்டே இம்முறைக்கு ஈதர்நெட் எனப் பெயராயிற்று. இன்று பாடசாலைகளிலும் கந்தோர்களிலும் சுவரோரமாகச் செல்லும் நீல வடத்தினுள் ஓடுவதும் இதன் வழித்தோன்றலே.

அந்த வடத்தினுள் எட்டுக் கம்பிகள், நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். முறுக்குவது அழகுக்காக அன்று. வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் சோடியின் இரு கம்பிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவாகப் படும். செய்தியோ அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டிலே செல்கின்றது. ஆதலின் இரைச்சல் கழிந்துபோகச் செய்தி நிற்கும். இத்தகைய வடம் ஒன்று 100 மீற்றருக்கு மேற்படலாகாது. அதற்கப்பால் செல்ல வேண்டுமாயின் இடையிலே ஒரு கருவி வேண்டும். அல்லது ஒளியைச் சுமக்கும் கண்ணாடி நார் வேண்டும்.

அந்த இடைக்கருவிக்கு ஆளி என்று பெயர். மின்குமிழை ஏற்றி அணைக்கும் ஆளி அன்று இது. பல வடங்கள் வந்து பொருந்தும் துளைகளையுடைய ஒரு பெட்டி. ஒவ்வொரு கணினிக்கும் தொழிற்சாலையிலேயே 48 பிட் நீளமான இலக்கம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். எந்தத் துளையினூடாக எந்த இலக்கம் பேசிற்று என்பதை ஆளி தன் குறிப்பேட்டிலே எழுதிக்கொள்ளும். பிறகு அவ்விலக்கத்துக்கு ஒரு செய்தி வருமாயின் அந்தத் துளைக்கு மாத்திரம் அதனை அனுப்பும். புதிதாக வந்த தபாற்காரன் சில நாட்களில் ஊரின் வீடுகளையெல்லாம் அறிந்துகொள்வதை ஒப்பது இது.

எனினும் இருவேளைகளில் ஆளியானது எல்லாத் துளைகளிலும் செய்தியைப் பரப்பும். ஒன்று, பெறுநரின் இலக்கம் தன் குறிப்பேட்டில் இல்லாத வேளை. மற்றொன்று, அனுப்பிய கணினியே 'எல்லோரும் கேட்க' எனக் குறிப்பிட்டு முரசறையும் வேளை. முரசறைதல் வலையமைப்பிலே வீண்வேலை அன்று. 'இந்த முகவரிக்குரியவர் யார்?' எனக் கேட்பதற்கும், 'எனக்கொரு முகவரி தருவார் உளரோ?' எனக் கேட்பதற்கும் அதுவே வழி. ஆயின் பத்து வீட்டு ஒழுங்கையிலே முரசறைவது வேறு. பதினாயிரம் வீட்டுப் பட்டினத்திலே ஒவ்வொரு வீட்டாரும் முரசறைவது வேறு.

இனி, இரண்டு ஆளிகளை ஒரு வடத்தால் இணைப்பதாக வைத்துக்கொள்வோம். அவ்வடம் அறுந்தால் தொடர்பு போய்விடுமே என அஞ்சி, கருத்துள்ள ஒருவர் இரண்டாவது வடத்தையும் பூட்டிவிடுகின்றார். நல்லெண்ணம் தான், விளைவோ விபரீதம். ஒரு கணினி முரசறைகின்றது. முதலாவது ஆளி அதனை இரு வடங்களிலும் அனுப்புகின்றது. இரண்டாவது ஆளி ஒன்றில் வந்ததை மற்றொன்றினூடே திருப்பி அனுப்புகின்றது. அது மீண்டும் முதலாவதற்கு வருகின்றது. இவ்வாறு சுழலும் செய்தியை நிறுத்துவதற்கு ஈதர்நெட்டிலே வழியில்லை. செய்திக்கு ஆயுள் இவ்வளவென எங்கும் எழுதப்படவில்லை. சில செக்கன்களுள் வடங்கள் நிறைந்து, பயனுள்ள செய்தி எதற்கும் இடமில்லாது போகும். முரசுப் புயல் என்று இதனைச் சொல்லலாம்.

இதற்கு மாற்று மருந்து கண்டவர் ரேடியா பேர்ள்மன் என்னும் அம்மையார். டிஜிற்றல் எக்குவிப்மன்ற் நிறுவனத்திலே பணியாற்றுங்கால், 1985 ஆம் ஆண்டில், அளாவு மரம் எனத்தக்க ஒரு முறையை அவர் வகுத்தார். ஸ்பானிங் ட்ரீ என்பது அதன் ஆங்கிலப் பெயர். மரத்தின் கிளைகள் பிரியுமேயன்றி மீண்டும் ஒன்றுசேர்ந்து வட்டமாவதில்லை. அதுபோல, ஆளிகள் தம்முள் கலந்து ஒன்றை வேராகத் தெரிந்துகொள்ளும். வேரிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரே வழியை மாத்திரம் திறந்து வைத்து, எஞ்சிய வடங்களை உறங்கச் செய்யும். வேர், வழமையாக 2 செக்கனுக்கு ஒருமுறை 'இருக்கின்றேன்' என ஒரு குறுஞ்செய்தி விடுக்கும். அச்செய்தி 20 செக்கன்கள் வரை வராதொழியின் வழி அறுந்துவிட்டதென ஆளி முடிவுசெய்து, உறங்கும் வடத்தை எழுப்பும். தன் முறையைப் பற்றி அம்மையார் ஒரு சிறு கவிதையும் எழுதினார் என்பது பொறியியலாளர் மத்தியில் பெயர்பெற்ற செய்தி.

வேரைத் தெரிவு செய்யும் விதத்திலே ஒரு நுட்பம் உண்டு. நிருவாகி முன்னுரிமை இலக்கம் எதனையும் இடாது விட்டால் எல்லா ஆளிகளும் 32768 என்னும் ஒரே இலக்கத்தைக் கொண்டிருக்கும். அப்பொழுது பொறிக்கப்பட்ட 48 பிட் இலக்கம் எதற்குச் சிறியதோ அதுவே வேராகும். சிறிய இலக்கம் பெரும்பாலும் பழைய பெட்டிக்கே உரியது. ஆகவே, புதிய, விரைவான கருவிகள் பல இருக்க, அலுமாரி மூலையிலே தூசு படிந்து கிடக்கும் பழம்பெட்டி ஒன்று வலையமைப்பு முழுவதற்கும் வேராகிவிடுதல் கூடும். பெட்டியைத் திறந்து பூட்டினால் 'தானாக இயங்கும்' என விற்பவர் சொல்வார். இயங்கத்தான் செய்யும்; எவ்வாறு இயங்குகின்றது என்பதே வினா.

இனிப் போஸ்டனுக்குத் திரும்பலாம். பெத் இஸ்ரேல், நியூ இங்கிலாந்து டீக்கனஸ் என்னும் இரு வைத்தியசாலைகள் 1996 ஆம் ஆண்டில் ஒன்றாகின. வலையமைப்பும் அவ்வாறே ஒட்டுப் போட்டு வளர்ந்தது. புதிதாக ஒரு பகுதி வேண்டியபோதெல்லாம் இருக்கும் ஆளியோடு மற்றோர் ஆளியைத் தொடுத்தனர். எல்லை வகுக்கவில்லை. அளாவு மரமுறையின் வழமையான நேரக் கணக்குகள், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 7 ஆளிகளுக்கு மேற்படாது என்னும் கணிப்பிலே அமைந்தவை. அவ்வெல்லை கடந்துபோயிற்று என்பதை எவரும் கவனித்திலர். ஏனெனில் நாள்தோறும் யாவும் இயங்கிக்கொண்டிருந்தன. தரவுப் பெருக்கு வந்த அன்று, வேரின் 'இருக்கின்றேன்' என்னும் குறுஞ்செய்தி நெரிசலிலே அகப்பட்டுச் சேர வேண்டிய இடங்களுக்குச் சேராது போயிற்று. வழி அறுந்ததென எண்ணிய ஆளிகள் உறங்கிய வடங்களை எழுப்பின. வட்டங்கள் தோன்றின. புயல் எழுந்தது. புயலினால் மேலும் குறுஞ்செய்திகள் மடிந்தன. நோயைத் தீர்க்கவென அமைந்த மருந்தே நோயை வளர்க்கலாயிற்று.

ஆளிகளைச் செய்த சிஸ்கோ நிறுவனத்தின் பொறியியலாளர்கள் வருவிக்கப்பட்டனர். வைத்தியசாலையின் தகவற்றுறைத் தலைவராக விளங்கிய ஜோன் ஹலாம்கா என்பார் தாமும் ஒரு வைத்தியர். நடந்ததை மூடி மறையாது அவர் வெளிப்படுத்தியமையினாலேயே இவ்விவரங்கள் ஏனையோருக்குப் பாடமாகக் கிட்டின. இது சிறிய காரியம் அன்று. நிறுவனங்கள் பலவும் இத்தகைய வேளைகளில் வாய் திறப்பதில்லை. பின்னர் அவ்வலையமைப்பின் நடுப்பகுதியிலே வழிப்படுத்திகள் அமைக்கப்பட்டு, பகுதிகள் பிரிக்கப்பட்டன.

வழிப்படுத்தி, அஃதாவது ரவுட்டர், என்பது யாது? அதுவே எல்லைக்கோடு. ஆளி முரசொலியைப் பரப்பும். வழிப்படுத்தி அதனைத் தன் வாயிலிலே நிறுத்திவிடும். ஒரு பகுதியில் எழும் புயல் மற்றப் பகுதிக்குச் செல்லாது. அன்றியும், வழிப்படுத்தியினூடே செல்லும் ஒவ்வொரு பொதிக்கும் ஆயுள் இலக்கம் ஒன்று எழுதப்பட்டிருக்கும். வழிப்படுத்தி ஒன்றைக் கடக்குந்தோறும் அது ஒன்றாற் குறையும். பூச்சியமானால் பொதி எறியப்படும். ஆளிகளுக்கிடையே இல்லாத அந்த ஆயுட்கணக்கு இங்கே உண்டு.

எல்லை வகுத்தால் முகவரியும் வேண்டும். பொறிக்கப்பட்ட இலக்கம் ஒருவருடைய பிறப்புச் சான்றிதழ் இலக்கம் போன்றது. ஆள் யாரென்று சொல்லும், இருப்பிடம் எங்கென்று சொல்லாது. இருப்பிடத்தைச் சொல்வது ஐபி முகவரி. அது 32 பிட் நீளமானது; எட்டெட்டாகப் பிரித்து, நான்கு எண்களாக எழுதப்படும். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையும். முகவரியின் முற்பகுதி வீதியின் பெயர், பிற்பகுதி வீட்டிலக்கம். எவ்விடத்தில் முற்பகுதி முடிந்து பிற்பகுதி தொடங்குகின்றது என்பதைக் காட்டுவது மறைமுகம் எனப்படும் மற்றொரு நான்கெண் தொடர். 32 பிட்டிலே ஏறக்குறைய 430 கோடி முகவரிகளே அமையும். உலகத்துக்கு அது போதவில்லை; பொதுக் களஞ்சியத்திலிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பெப்ரவரியில் வழங்கப்பட்டுவிட்டன. 128 பிட் நீளமான புதிய முகவரி முறை அதனாலேயே புழக்கத்துக்கு வந்துகொண்டிருக்கின்றது. எனினும், உள்வீட்டுப் பாவனைக்கென 1996 இல் ஒதுக்கப்பட்ட 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 எனத் தொடங்கும் முகவரிகளே கட்டடங்களுக்குள்ளே இன்றும் பெரிதும் வழங்குகின்றன.

எடுத்துக்காட்டாக ஒரு பாடசாலையை மனத்திலே கொள்ளலாம். கந்தோரிலே பத்துக் கணினிகள், கணினிக் கூடத்திலே நாற்பது, நூலகத்திலே ஆறு, இவற்றோடு கம்பியில்லாத் தொடர்பினால் வந்து சேரும் கைப்பேசிகள் சில. எல்லாவற்றையும் ஒரே ஆளிக் கூட்டத்தில் தொடுத்துவிட்டால் அன்று மாலையே வேலை முடிந்துவிடும். ஆனால் மாணவர்க்கான பரீட்சைப் புள்ளிகள் கிடக்கும் கந்தோர்க் கணினியும், மாணவன் விரலோட்டிப் பழகும் கணினியும் ஒரே ஒழுங்கையில் அயல்வீடுகளாகிவிடும். ஆதலின் வடம் வாங்கும் முன்னர்க் கடதாசியும் பென்சிலும் எடுத்தல் வேண்டும்.

192.168.10 எனத் தொடங்கும் தொகுதியிலே 256 முகவரிகள் உள. அவற்றை 64 ஆக நான்கு கூறிடலாம். 0 முதல் 63 வரை கந்தோருக்கு. 64 முதல் 127 வரை கணினிக் கூடத்துக்கு. 128 முதல் 191 வரை நூலகத்துக்கு. 192 முதல் 255 வரை கம்பியில்லாத் தொடர்புக்கு. ஒவ்வொரு கூற்றிலும் முதல் இலக்கம் அக்கூற்றின் பெயராகவும், கடைசி இலக்கம் முரசறைவதற்காகவும் ஒதுக்கப்படுவதால் 62 முகவரிகளே பாவனைக்கு எஞ்சும். நாற்பது கணினிகளுள்ள கூடத்துக்கு அது போதும். நாளை இருபது வந்தாலும் போதும். இக்கூறுபாட்டுக்குரிய மறைமுகம் 255.255.255.192. கடைசி எண் ஏன் 192 என வினவுவோர் 128 ஐயும் 64 ஐயும் கூட்டிப் பார்க்க. கடைசி எட்டுப் பிட்டுகளில் முதல் இரண்டினதும் பெறுமதி அவை. அவ்விரு பிட்டுகளும் வீதியின் பெயரோடு சேர்ந்துவிட்டன, எஞ்சிய ஆறும் வீட்டிலக்கத்துக்கு உரியன.

நான்கு கூறுகளுக்கும் நான்கு ஆளிகள் வாங்க வேண்டுமென்பதில்லை. ஒரே பெட்டியின் துளைகளை, இவை கந்தோருக்கு, இவை கூடத்துக்கு என உள்ளமைவினாலேயே பிரித்துவிடும் ஆளிகள் இன்று உண்டு. பிரித்த பின் கூறுகளை இணைப்பது வழிப்படுத்தி. கூடத்திலிருந்து கந்தோருக்கு எதுவும் செல்லலாகாது, நூலகத்திலிருந்து அச்சுப் பொறிக்கு மாத்திரம் செல்லலாம் என்றவாறெல்லாம் அங்கே காவல் வைக்கலாம். எல்லை இருந்தாலன்றோ காவலாளி நிற்க இடமுண்டு!

கம்பியில்லாத் தொடர்பைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே எல்லாக் கருவிகளும் ஒரே ஆகாயத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 1973 இன் ஒற்றை வடத்துக்கே அவ்விடயத்தில் திரும்பி வந்திருக்கின்றோம் எனலாம். நூறு கைப்பேசிகள் ஒரு மண்டபத்தில் கூடினால் வேகம் குன்றுவது அதனாலேயே.

ஒவ்வொரு கணினிக்கும் தெரிந்திருக்க வேண்டியவை நான்கு: தன் முகவரி, மறைமுகம், நுழைவாயில் எனப்படும் வழிப்படுத்தியின் முகவரி, பெயர்களை இலக்கங்களாக மாற்றித்தரும் பெயர்ப்பதிவேட்டின் முகவரி. செய்தி அனுப்பும் முன் கணினி தன் மறைமுகத்தை வைத்துப் பார்க்கும். பெறுநர் தன் வீதியினராயின் நேரே அழைக்கும். அல்லாராயின் நுழைவாயிலிடம் ஒப்படைத்துவிடும். அதற்கப்பால் என்ன நிகழும் என்பது அதற்குத் தெரியாது. வழிப்படுத்திக்கும் முழுப் பயணமும் தெரிய வேண்டுவதில்லை. அடுத்த சந்தி எது என்பது தெரிந்தாற் போதும். உலகளாவிய இணையம் முழுவதும் இந்த 'அடுத்த சந்தி' அறிவினாலேயே இயங்குகின்றது.

இங்கேதான் புதியவர்கள் பெரிதும் தடுமாறுவர். கணினிக் கூடத்திலே 192.168.10.130 அன்று, 192.168.10.70 என்னும் முகவரியுள்ள கணினிக்கு ஒருவர் மறைமுகத்தை 255.255.255.0 எனத் தவறுதலாக எழுதிவிடுகின்றார் என்க. அக்கணினி இணையத்தைக் குறைவின்றி எட்டும். கடல் கடந்த தேசத்துப் பத்திரிகைகளைத் திறக்கும். ஆயின், இருபது யார் தூரத்து நூலகத்திலுள்ள 192.168.10.130 ஐ எட்டாது. ஏன்? மறைமுகம் பிழையானதால் நூலகத்தைத் தன் ஒழுங்கையைச் சேர்ந்ததென அது மயங்குகின்றது, நுழைவாயிலிடம் கொடாது தானே முரசறைகின்றது, முரசொலி எல்லையிலே நின்றுவிடுகின்றது, மறுமொழி வருவதில்லை. வடத்தை மாற்றியும் ஆளியை மாற்றியும் நாட்கணக்கில் உழைத்தாலும் இப்பழுது அகப்படாது.

இந்நான்கையும் கணினிதோறும் கையால் எழுதுவது தொல்லை. ஆகவே, முகவரி வழங்கும் பொறுப்பை ஒரு கருவியிடம் ஒப்படைப்பர். விழித்தெழும் கணினி 'முகவரி தருவார் உளரோ?' என முரசறைய, அக்கருவி நான்கையும் தவணைக்குக் கொடுக்கும். வழங்குபவர் ஒருவராகவோ, உடன்பட்டுக்கொண்ட இருவராகவோ இருத்தல் வேண்டும். வீட்டிலிருந்த சிறிய வழிப்படுத்தியை ஒருவர் கொண்டுவந்து சுவர்த் துளையிலே பூட்டிவிட்டால், அதுவும் வள்ளலாகித் தன் பங்குக்குப் பொருந்தாத முகவரிகளை வாரி வழங்கத் தொடங்கும். காலையில் வந்த கணினிகளிற் பாதி இணைப்பின்றித் தவிக்கும். அச்சுப் பொறிக்கும் ஏனைய சேவைக் கணினிகளுக்கும் மாறாத முகவரி ஒதுக்கி, அதனை ஒரு கொப்பியிலே எழுதிவைத்தல் நன்று. வடத்தின் இரு நுனிகளிலும் இலக்கமிட்ட துண்டு ஒட்டுதலும் அத்தகையதே. அந்தக் கொப்பியின் அருமை நிருவாகி விடுமுறையில் நிற்கும் நாளிலே தெரியவரும்.

பழுது நேருங்கால் தேடும் ஒழுங்கும் உண்டு. முதலாவது, வடம் பூட்டிய துளையருகே சிறு விளக்கு எரிகின்றதா எனப் பார்க்க வேண்டும். அடுத்து, கணினிக்கு முகவரி கிடைத்ததா என நோக்க வேண்டும், 169.254 எனத் தொடங்கும் முகவரி காணப்படின், வழங்குபவரிடமிருந்து மறுமொழி வராமையால் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்பது பொருள். மூன்றாவது, பிங் என்னும் கட்டளையால் நுழைவாயிலை அழைத்துப் பார்க்க வேண்டும். நுழைவாயில் விடை தந்தால், வெளியுலக முகவரி ஒன்றை இலக்கத்தாலேயே அழைக்க வேண்டும். ஈற்றில், பெயரால் அழைக்க வேண்டும். இலக்கத்துக்கு விடை வந்து பெயருக்கு வராதாயின், பழுது பெயர்ப்பதிவேட்டிலே உள்ளது. மேசைக்கடியில் குனிந்து வடத்தைப் பிடுங்குவதிற் பயனில்லை.